ஒழுகியது வால்வுதான்

மகனே,

நான் சுகமாக இருக்கிறேன். இதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் நீ நம்பப்போவதில்லை என்று எனக்குத் தெரியும். கொஞ்சக் காலமாக நீ தொலைபேசியில் "அம்மா, சுகமா இருக்கிறியளோ?" என்று கேட்கிற விதமே சரியில்லை. கேட்டுவிட்டு, நான் சொல்கிற பதிலைக் காதில் வாங்காமல், பதில் சொல்ல எவ்வளவு நேரம் எடுக்கிறேன் என்று பார்த்துக்கொண்டிருக்கிறாய். நேற்று என்ன சமைத்தேன், இன்றைக்கு என்ன கிழமை, எபினேயில் இருக்கிற பரமேசக்காவின் பேத்திக்கு என்ன பேர் என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கிறாய். பரமேசக்காவின் பேத்தியில் உனக்கு எந்தக் காலத்தில் அக்கறை இருந்தது? தாயோடு கதைக்கிறாயா, பொலிஸ் விசாரணை நடத்துகிறாயா என்று எனக்கு விளங்காமலா போகும்?

இந்தக் கடிதத்தை உனக்குத் தனியாக அனுப்பாமல், ஊர்ச்சங்க மலரில் போடச்சொல்லிக் கொடுக்கப் போகிறேன். உனக்குக் கோபம் வரும். "வீட்டுக் கதையை ஏனம்மா வெளியிலை விடுறியள்?" என்பாய். அட மகனே, இங்கே பாரிஸில், லா சப்பலில் மரக்கறிக் கடையில் என்னைக் காண்கிறவர்கள் எல்லாரும் தலையை ஒரு பக்கம் சாய்த்து, "அன்ரி, தனியவோ வந்தனீங்கள்?" என்று கேட்கிறார்கள். வீட்டுக் கதை எப்போதோ வெளியில் போய்விட்டது. அரைகுறையாகப் போய்விட்டது. ஆர்ஜொந்தெயில் உன் வீட்டின் கீழறைக்கு நீ பெயின்ற் அடித்துக்கொண்டிருப்பதும் எனக்குத் தெரியும். வீடியோவில் கதைக்கும்போது பின்னால் ஏணி தெரிந்தது. நீ நல்ல பிள்ளை, ஆனால் கள்ளம் செய்யத் தெரியாது. என்னை இந்த வீட்டிலிருந்து எழுப்பிக்கொண்டுபோய் அங்கே வைக்கப் பார்க்கிறாய். என் வீட்டில் என் பாட்டுக்கு நான் இருக்கலாமா, இல்லையா என்பதுதான் இந்தக் கடிதத்தின் முழு வழக்கும். ஆகவே பொறுமையாக வாசி.

கதை ஷோதியேரில் தொடங்குகிறது. வெளியூர்ச் சனங்களுக்காகச் சொல்கிறேன், அது குசினிச் சுவரில் தொங்குகிற வெள்ளைப் பெட்டி. வீட்டைச் சூடாக்கி, குளிக்கச் சுடுதண்ணீரும் தருகிற கொதிகலன். அப்பா இருந்தவரைக்கும் அவர்தான் அதைப் பார்த்தார். அவர் போன பிறகு நீ வந்து எனக்கு ஒரு வகுப்பு எடுத்தாய். அடியில் ஒரு சின்ன வட்டம், அதற்குள் ஒரு முள்ளு. உள்ளே ஓடுகிற தண்ணீரின் அமுக்கத்தை அது காட்டும். ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் நிற்கவேண்டும். இறங்கினால் கீழே இருக்கிற கறுப்புக் குமிழைத் திருகித் தண்ணீர் விடலாம். அளவுக்கு மிஞ்சிக் கூடினால் பக்கத்தில் இருக்கிற பாதுகாப்பு வால்வு தானே திறந்து மிச்சத்தைக் கக்கிவிடும். இவ்வளவையும் வடிவாகச் சொல்லித் தந்துவிட்டுக் கடைசியில் என்ன சொன்னாய்? "ஆனா அம்மா, நீங்கள் ஒண்டிலையும் கை வைக்காதேங்கோ. எனக்கு ஒரு போன் எடுங்கோ, நான் வாறன்." கை வைக்கக்கூடாத சாமானுக்கு என்னத்துக்கடா வகுப்பு? நான் ஓமோம் என்று தலையாட்டினேன். பிறகு ஒருநாள் முள்ளு இறங்கி நின்றது. நானே குமிழைத் திருகிச் சரிபண்ணினேன். உனக்குச் சொல்லவில்லை. வேலை முடிந்து களைத்து விழுந்து வருகிற பிள்ளையை எதற்கு அலைக்கழிக்கவேண்டும் என்று நினைத்தேன்.

இந்தக் குளிருக்கு அந்தப் பாதுகாப்பு வால்விலிருந்து தண்ணீர் சொட்டத் தொடங்கியது. முதலில் கோப்பை வைத்தேன். கோப்பை நிரம்பியது, பெரிய பேசின் பாத்திரம் வைத்தேன். சொட்டிச் சொட்டி உள்ளே தண்ணீர் குறைய, முள்ளு இறங்கும். நான் யாருக்கும் சொல்லாமல் திருகிவிடுவேன். உனக்கு "கொஞ்சம் ஒழுகுது" என்று மட்டும் சொன்னேன். நீ வேலையிடத்திலிருந்து வர முடியாமல், போன் கடைக்காரர் மூலம் ஒரு தெரிந்த ஆளை அனுப்பினாய். நம்முடைய பொடியன், குழாய் வேலை செய்கிற புளொம்பியே. வந்தவன் சப்பாத்தைக் கழற்றினான், அது நல்லது. ஆனால் வால்வைப் பார்க்கிறதுக்கு முதல் வீட்டைச் சுற்றிப் பார்த்தான். பிறகு, "அன்ரி, வீட்டிலை வேறை ஆரும் இருக்கினமோ? நீங்கள் இல்லாத நேரம் ஆரும் வந்து போறவையோ?" என்று கேட்டான். தனியாக இருக்கிற பொம்பிளையிடம் கேட்கிற கேள்வியா இது? "மகன் நெடுகலும் இஞ்சைதான் நிப்பார்" என்று சும்மா அடித்துவிட்டேன். அவன் வால்வைப் புதிதாக மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனான். சில நாள் ஒரு சொட்டும் இல்லை. பிறகு ஒரு புதன்கிழமை பின்னேரம், எபினேயில் பரமேசக்கா வீட்டுப் பசனைக்குப் போய்வந்து ஷோதியேரைப் போட்டேன். வீடு சூடாக முதலே புதுவால்வு சொட்டத் தொடங்கியது.

புதுச் சாமான் எப்படி ஒழுகும்? அன்றிலிருந்து நான் ஒருவரையும் நம்பவில்லை. முதலில் அந்தப் புளொம்பியேப் பொடியனைத்தான் பிடித்தேன். வேலை தொடர்ந்து வரவேண்டும் என்று ஏதோ கோளாறு செய்துவிட்டுப் போயிருப்பான் என்று நினைத்துப் போன் கடைக்குப் போய் நாலு பேருக்கு முன்னால் கேட்டேன். கடைக்காரர், "அன்ரி, அவன் அப்பிடிப்பட்ட ஆள் இல்லை" என்று கெஞ்சினார். அவர் கெஞ்சக் கெஞ்ச எனக்குச் சந்தேகம் கூடியது. பிறகு உன்னைச் சந்தேகித்தேன். ஓம், உன்னைத்தான். உன் ஏணியைக் கண்ட பிறகு எனக்கு எல்லாம் தொடுத்துக்கொண்டு வந்தது. இந்த வீடு சரிப்படாது என்று என் வாயாலேயே சொல்லவைக்க, நீதான் பொடியனுக்குச் சொல்லி வால்வை ஒழுகவிடுகிறாய் என்று நினைத்தேன். பெத்த பிள்ளையை அப்படி நினைக்கலாமா என்று நீ கேட்பாய். பெத்தபடியால்தான் நினைத்தேன். உனக்கு ஒரு காரியம் ஆகவேண்டுமென்றால் நீ நேரே கேட்கமாட்டாய், சுற்றிவளைத்துத்தான் வருவாய் என்று எனக்குத் தெரியாதா?

அதோடு வீட்டில் வேறு சில சங்கதிகளும் நடந்தன. பேசினை நான் பாதி நிரம்ப விட்டுவிட்டுப் போவேன், திரும்பி வந்தால் வெறுமையாக இருக்கும். குசினித் துணியை நான் நீட்டுக்கு மடிக்கிறவள், அது நாலாக மடிபட்டுக் கிடக்கும். எனக்கே ஒரு பயம் வந்தது. நான்தான் ஊற்றினேனோ, நான்தான் மடித்தேனோ? ஆனால் கள்ளன் வந்து பேசின் தண்ணீரை ஊற்றி, துணியை மடித்து வைத்துவிட்டா போவான்? சரி, பொறி வைத்துத்தான் பார்க்கவேண்டும் என்று முடிவு செய்தேன். அடுத்த புதன்கிழமை வழக்கம்போல ஷோதியேரை நிற்பாட்டினேன். ஆளில்லாத வீட்டை ஏன் சூடாக்கவேண்டும், வெளியே போகும்போது எப்போதும் நிற்பாட்டித்தான் போவேன். அது நன்றாகக் குளிரும்வரை இருந்து, சாமியறைக் கண்ணாடியில் ஒட்டிக் கிடந்த சின்னப் பொட்டு ஒன்றை உரித்து, முள்ளின் நுனி நிற்கிற இடத்துக்கு நேரே அந்த வட்டக் கண்ணாடியில் ஒட்டினேன். பசனைக்குப் போனேன். அன்று என்ன பாடினேன் என்று என்னைக் கேட்காதே, அது மறதி இல்லை, மனம் அங்கே இல்லை. வந்து கோட்டும் கழற்றாமல் போய்ப் பார்த்தேன். ஷோதியேர் சில்லென்று இருக்கிறது, முள்ளு பொட்டைத் தாண்டி மேலே நிற்கிறது. சூடில்லாமல் முள்ளு தானாக ஏறாது. யாரோ வந்து தண்ணீர் விட்டிருக்கிறார்கள். பூட்டு உடையவில்லை. அப்படியென்றால் வந்தவரிடம் திறப்பு இருக்கிறது.

அதற்கடுத்த புதன் பையைத் தூக்கிக்கொண்டு வழக்கமான நேரத்துக்கு இறங்கி, எதிர்ப்பக்கத் தேநீர்க்கடையில் கண்ணாடியோரமாக இருந்தேன். நம்முடைய கட்டடக் கதவு அங்கிருந்து நேராகத் தெரியும். மேலே பாலத்தில் மெத்ரோ ரயில் போகப் போகக் கோப்பை அதிர்ந்தது. புளொம்பியே வருவான் என்று பார்த்திருந்தேன். வந்தது யார்? உன் பெண்சாதி நிரோஜா. தலையைக் குனிந்துகொண்டு, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, கதவின் இரகசிய இலக்கத்தை அடித்து உள்ளே போனாள். மருமகள் மாமியார் வீட்டுக்கு வருகிறதென்றால் இப்படியா வருவாள்? எனக்கு ஒரே நினைப்பு அலுமாரியில் இருக்கிற தாலிக்கொடிதான். தேநீரை அப்படியே விட்டுவிட்டுப் படியேறினேன். லிப்ட் சத்தம் போடும் என்று படியால் ஏறினேன், பார், எவ்வளவு தெளிவாக யோசித்திருக்கிறேன்.

அலுமாரி பூட்டினபடி இருந்தது. நிரோஜா குசினியில், முழங்காலில் நின்று, ஒரு கையில் போன் வெளிச்சம், மற்றக் கையால் கறுப்புக் குமிழைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"என்ன பிள்ளை செய்யிறீர்?"

"ஐயோ மாமி!" என்று போனைப் பேசினுக்குள் போட்டுவிட்டாள்.

"திறப்பு ஆர் தந்தது?"

"அவர்தான் மாமி. உங்களுக்குச் சொல்லவேண்டாம் எண்டவர்." நனைந்த போனை எடுத்துத் துடைத்தாள். "எனக்குப் புதன்கிழமையிலை வேலை இல்லையெல்லோ. இந்தக் குளிர் தொடங்கினதிலையிருந்து, நீங்கள் பசனைக்குப் போற நேரம் வந்து பார்த்துப்போட்டுப் போகச் சொன்னவர். கோவிக்காதேங்கோ மாமி. நீங்கள் இதைத் திறந்துவிட்டிட்டு மறந்துபோறியள் எண்டு அவருக்குப் பயம். நான் வரேக்கை எல்லாம் பேசினிலை தண்ணி நிக்குது. முள்ளு ஒவ்வொருக்காலும் ஒவ்வொரு இடத்திலை நிக்குது. நான் படம் எடுத்து அவருக்கு அனுப்புறனான்."

எனக்கு வந்த கோபத்துக்கு அவளை அங்கேயே இரண்டு வார்த்தை கேட்டிருப்பேன். ஆனால் அவள் சொன்ன ஒரு விஷயம் என்னைப் பிடித்து நிறுத்தியது. "முள்ளு எங்கை நிக்கேக்கை பிள்ளை நீர் தண்ணி விடுறனீர்?" என்று கேட்டேன். "ஒண்டுக்குக் கீழை நிக்கும் மாமி. இரண்டுக்குக் கிட்ட வருமட்டும் விடுவன், அவர் அப்பிடித்தான் சொன்னவர்." "அப்ப ஷோதியேர் எரிஞ்சுகொண்டோ நிண்டது?" "இல்லையே மாமி, நீங்கள் நிப்பாட்டிப்போட்டெல்லோ போறனீங்கள்."

நான் கதிரையை இழுத்துப்போட்டு இருந்து சிரித்தேன். அவள் இன்னும் பயந்துவிட்டாள், எனக்கு மூளை முற்றாகக் குழம்பிவிட்டது என்று நினைத்திருப்பாள். மகனே, நீ படித்தவன், உனக்குத் தெரியவேண்டும். குளிர்ந்து நிற்கிறபோது முள்ளு இறங்கித்தான் நிற்கும். சூடானால் தானே ஏறும். அவள் குளிரில் அதை மேலே ஏற்றிவிட்டுப் போகிறாள். நான் வந்து ஷோதியேரைப் போட, உள்ளே தண்ணீர் சூடாகிப் பெருக்கிறது. விளிம்புமட்டும் நிரப்பின பால்சட்டியை அடுப்பில் வைத்தால் வேறென்ன நடக்கும்? வால்வு தன் வேலையைச் செய்து கக்குகிறது. கக்கக் கக்க முள்ளு இறங்குகிறது. நான் விடிய எழும்பி, குறைந்துவிட்டதே என்று இன்னும் விடுகிறேன். அவள் வந்து நிரம்பின பேசினைப் பார்த்து, மாமிக்கு மறதி என்று படம் பிடிக்கிறாள். நான் வெறும் பேசினைப் பார்த்து, வீட்டில் கள்ளன் என்று பொட்டு ஒட்டுகிறேன். இதை நான் அவளுக்கு விளங்கப்படுத்த, "அப்ப இது மறதி இல்லையோ மாமி?" என்று கேட்டாள். "இல்லைப் பிள்ளை, இது நீரும் நானும் பார்த்த வேலை" என்றேன். நிலத்தில் இருந்தபடியே அழத் தொடங்கிவிட்டாள். தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்தேன். அப்போதுதான் மிச்சத்தையும் சொன்னாள். அந்தப் படங்களை வைத்து, ஞாபகசக்தி பார்க்கிற டொக்டரிடம் எனக்கு நீ நாள் குறித்து ரொந்தேவு எடுத்திருக்கிறாயாம். கண் பார்க்கப் போகிறோம் என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போக இருந்தாயாம். கண்ணாம்! என் கண்ணுக்கு என்னடா குறை?

அவளைத் திட்டாதே. அவள் சொல்லாவிட்டால் நாம் மூன்று பேரும் இன்னும் ஒருவரையொருவர் துப்பறிந்துகொண்டிருப்போம். அந்தப் புளொம்பியேப் பொடியனையும் நான் கடைக்குக் கூப்பிட்டு, திட்டின அதே இடத்தில் வைத்து, "தம்பி, பிழை என்ரை" என்று சொன்னேன். நான் இல்லாத நேரம் யாரும் வந்து போகிறார்களா என்று அவன் கேட்டது சரியான கேள்வி, வேறொரு கையும் தண்ணீர் விடுகிறதா என்று அறியத்தான் கேட்டிருக்கிறான். நான்தான் பொய் சொன்னேன்.

ஏன் பொய் சொன்னேன் என்று யோசித்தேன். அது இன்று நேற்றுப் பழக்கம் இல்லை. போர் முடிந்து முகாமில் இருந்த காலத்தில், "அப்பா கதைச்சவரோ அம்மா?" என்று நீ கேட்பாய். "ஓம், கதைச்சவர், சுகமாம்" என்பேன். பாரிஸிலிருந்து ஒரு தகவலும் இல்லாமல் நான் நெருப்பில் நின்ற காலம் அது. உன்னைச் சாப்பிட்டாயா என்று கேட்டால் "ஓம், அங்கை குடுத்தவை" என்பாய். ஒருவரும் கொடுக்கவில்லை என்று எனக்குத் தெரியும். இரண்டு பேரும் மற்றவரைக் காப்பாற்றவென்று பாதியைச் சொல்லிப் பாதியை விழுங்கினோம். அங்கே அது தேவைப்பட்டது. ஆனால் அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டு விமானம் ஏற நமக்குத் தெரியவில்லை. உனக்கு நான் சொல்லக்கூடிய புத்தி இது ஒன்றுதான். நிரோஜாவோடு அப்படி வாழாதே. அவளுக்கு நோகும் என்று நீ மறைப்பாய், உனக்கு நோகும் என்று அவள் மறைப்பாள், கடைசியில் இரண்டு பேரும் ஒரே வீட்டுக்குள் ஒளித்துத் திரிவீர்கள். நான் சந்தேகம் பிடித்தவள், அது என் குணம், இனி மாறாது. அது எப்படிப் பெருத்தது என்று பார்த்தாயா, நீங்கள் சொல்லாமல் விட்டதைத் தின்றுதான் பெருத்தது.

இப்போது அவளும் திருகுவதில்லை, நானும் திருகுவதில்லை. முள்ளு குளிரில் இறங்குகிறது, சூட்டில் ஏறுகிறது, வால்வு ஒரு சொட்டும் விடவில்லை. ஆகவே உன் படங்கள் எல்லாவற்றையும் அழி. ஷோதியேரைக் காட்டி என்னை எழுப்ப முடியாது. வழக்கில் நான் வென்றுவிட்டேன்.

இதோடு கடிதத்தை முடிக்கலாம் என்றுதான் எழுத இருந்தேன். முடித்தால் நானும் பாதிதான் சொன்னவள் ஆவேன். போன கிழமை பரமேசக்கா வீட்டிலிருந்து வந்து, கார்-து-நோர் ஸ்டேஷனின் நிலக்கீழ்ப் பாதையால் நடந்து லா சப்பல் வாசலால் மேலே ஏறினேன். இத்தனை வருடம் ஏறின வாசல். மேலே வந்து நின்றபோது வீடு எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியவில்லை. கடைகள் தெரிந்தன, எழுத்துகளை வாசிக்க முடிந்தது, சனம் கதைக்கிற தமிழ் விளங்கியது. எந்தப் பக்கம் திரும்புவது என்று மட்டும் வரவில்லை. யாரையோ பார்த்து நிற்கிறவள்போல மெத்ரோப் பாலத்துக்குக் கீழே நின்றேன். தெரிந்த ஒருவர் "என்ன அன்ரி, ஆரைப் பார்க்கிறியள்?" என்று கேட்டார். "மகன் வாறன் எண்டவர்" என்றேன். அவர் போய்க் கொஞ்ச நேரத்தில் எல்லாம் திரும்பி வந்துவிட்டது, வீட்டுக்கு வந்தேன். நிரோஜாவுக்கும் சொல்லவில்லை. நான் யோசித்து யோசித்துப் பார்த்துவிட்டேன் மகனே, இதற்கு யாரைச் சந்தேகிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது.

அந்த ரொந்தேவை விடாதே, நான் வருகிறேன். கண் என்று சொல்லிக் கூட்டிப்போக வேண்டாம், எங்கே போகிறோம் என்று சொல்லியே கூட்டிப்போ. ஆனால் உள்ளே டொக்டரோடு விறுவிறென்று பிரெஞ்சில் கதைத்து முடித்துவிட்டு, வெளியே வந்து "ஒண்டும் இல்லையாம் அம்மா" என்று எனக்குச் சொல்லாதே. அவர் ஒரு வரி சொன்னால் நீ எனக்கு ஒரு வரி சொல்லவேண்டும், அவர் முன்னாலேயே, நல்லதோ கெட்டதோ, சொன்னபடியே. அதைக் கேட்டபிறகு எங்கே இருப்பதென்று நான் முடிவெடுப்பேன். முடிவெடுக்க முடியாமல் போகிற காலம் வந்தால், அதையும் எனக்கு முதலில் சொல்லிவிட்டு நீ எடு. சொன்னதை நான் மறந்துவிட்டால், திரும்பவும் சொல்லு.

இன்றைக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிற,
உன் அம்மா